பூச்சியம் தீர்ந்த ஞாயிறு

உன்னா என்றொரு ஊர்,
டோர்ட்முண்டிலிருந்து ரயிலில் இருபது நிமிடம்.
பெயரைச் சொல்லும்போதெல்லாம்
'உன்னாணை' என்று சத்தியம் பண்ணத் தொடங்கிப்
பாதியில் விட்டது போலிருக்கும் எனக்கு.

இந்த ஊர் பேஸ்பால் அணிக்குக் கொக்குகள் என்று பெயர்.
ஏப்ரல் பிறந்து ஐந்து ஆட்டம்.
ஐந்தும் போச்சு.
இன்று ஆறாவது.

ஓட்டப் பலகை என் பொறுப்பு.
சம்பளமில்லை, காப்பி உண்டு.
பச்சை அடித்த பலகையில் இரண்டு வரிசை ஆணி,
சுற்றுக்கு ஒன்றாய் ஒன்பது ஒன்பது.
பிஸ்கட் டின்னுக்குள் எண் தகடுகள்.
பள்ளியில் எல்லே அடித்தவளுக்கு
இது புரிய ஒரு மாலை போதுமாயிருந்தது:
அடி, ஓடு, மூன்று மூலையும் சுற்றி வீட்டுக்கு வா.
வீட்டுக்கு வருவதுதான் கஷ்டம் என்பதை
யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

'வெல்லுற பக்கமாப் பாத்து நிக்கக் கூடாதா?'
தர்மகுலராசா வீட்டில் கேட்பார்,
ஞாயிற்றுச் சோறு ஆறிக் கிடக்கும் கோபத்தில்.
'பட்டியலில எத்தனையாம் இடம்?'
கீழிருந்து பார்த்தால் முதலாவது என்பேன்.

மர வாங்கில் நாங்கள் பதினொரு பேர், ஒரு நாய்.
முதல் தோல்விக்கு மண் ஈரம் என்றார் வில்ஃப்ரீட்.
இரண்டாவதுக்கு நடுவரின் கண்.
மூன்றாவதுக்கு, புதுக் கையுறை இன்னும் கைக்குப் பழகவில்லை.
நாலாவதுக்குப் பஸ் பிந்திவிட்டது.
அது எங்கள் மைதானத்தில் நடந்த ஆட்டம்.
ஐந்தாவதுக்கு ஒன்றும் சொல்லாமல்
தெர்மோஸ் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்
திறப்பதா மூடுவதா என்று தெரியாமல்.

அன்னெகிரேட் வேறு ரகம்.
ஊசி ஓடும், நூல் ஓடும், கூடவே வசவும் ஓடும்.
'ஓடுறியா, ரயிலுக்கு நிக்கிறியா?' என்பதை
ஜெர்மனில் எப்படிச் சொல்வதென்று
அவவிடம்தான் படித்தேன்.

மேட்டில் யானிக்.
ஒரு காலைத் தூக்கி நிற்கிறான்,
அணியின் பெயருக்கு ஏற்ற பிள்ளை.
கொக்கு நிற்பது மீனுக்கு.
இவன் நிற்க நிற்க மீன் முழுக்க
லிப்ஸ்டாட்காரன் கூடைக்குள் விழுகிறது.
இரண்டு. நாலு. ஒன்று. பிறகு மூன்று.
எங்கள் வரிசையில்
பூச்சியம், பூச்சியம், பூச்சியம்.
நடுவில் பத்து நிமிடம் ஆலங்கட்டி.
ஏப்ரல் அப்படித்தான் என்றார்கள்,
ஒருவரும் எழும்பவில்லை.

ஏழாவது சுற்று முடிய டின்னுக்குள் கை விட்டேன்.
இரண்டு ஏழு, ஒரு ஐந்து,
ஆறா ஒன்பதா என்று தனக்கே தெரியாத ஒன்று.
பூச்சியம் இல்லை.
எட்டுத்தான் வெட்டியிருந்தார்களாம்.
இவ்வளவு தேவைப்படும் என்று அன்று யார் கண்டது?

'பூச்சியம் முடிஞ்சுது!' என்று கத்தினேன்.
வாங்கு முழுக்கத் திரும்பியது.
யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும்,
ஐந்து ஞாயிறாய் அடக்கியது அணை உடைத்தது போல.
வில்ஃப்ரீட் கண்ணைத் துடைத்தார்.
அன்னெகிரேட் தன் ருபார்ப் கேக்கை
இரண்டே வாயில் விழுங்கிக்
காகிதத் தட்டை நீட்டினா.
ஆணியில் குத்தினேன்.
வெள்ளை வட்டம், ஓரத்தில் சிவப்புக் கறை.
தூரத்திலிருந்து பார்த்தால் அசல் பூச்சியம்.

எட்டாவதில் ரஃபாயெல் மூன்றாம் மூலை வரை வந்துவிட்டான்.
பதினொரு பேரும் எழும்பிவிட்டோம், நாயும்.
அடி விழுந்தது. ஓடினான். பாய்ந்தான். சறுக்கினான்.
நீட்டிய கைக்கும் வீட்டுக்கும் நடுவே
ஒரு சாண்.
நடுவரின் கையை நான் பார்க்கவில்லை.
என் கை ஏற்கெனவே அடுத்த தட்டுக்கு நீண்டிருந்தது,
அதற்காக இப்போதும் வெட்கம்.

பதினொன்றுக்குப் பூச்சியம்.
இன்றைக்குக் காரணம் ஆலங்கட்டி.

கலையும்போது வில்ஃப்ரீட் கிட்ட வந்தார்.
வீட்டில் தகரம் மிச்சம் கிடக்கிறதாம்,
வரும் ஞாயிறுக்குள் வெட்டித் தருவாராம்.
'உங்களுக்கு மொத்தம் எத்தனை பூச்சியம் வேணும்?'

ஒன்பது ஆணியையும் ஒருமுறை பார்த்தேன்.
எங்கள் வரிசைக்கு
எட்டுப் போதும் என்றேன்.