விதி மூன்று

முதலில் போனவள் ஊர்வே.
ஆகஸ்ட் கடைசியில், சதுப்பின் விளிம்பில்
மஞ்சள் காளான் ஒரு கூடை என்று
படம் அனுப்பினாள்.
படத்தின் ஓரத்தில், பூர்ச்ச மரத்துக்குப் பின்னால்,
ஒரு கை.
கரி நிறம். விரல்கள் ஆறு.

யாருடைய கை அது என்று கேட்டான் லெம்பித்.
நான்கு நிமிடத்தில் கேள்வி காணாமல் போனது.
நீக்கியவர் ஹெல்டுர்,
எல்லைச் சாவடியில் ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி,
வோரு வட்டாரக் காளான் பொறுக்குவோர் குழுவுக்கு
ஒரே அட்மின்.
"விதி மூன்று. இங்கே காளான் மட்டும்.
உடல் உறுப்புகளுக்கு வேறு குழு பார்க்கவும்."

ஊர்வே அதன்பின் எழுதவில்லை.
கூடை மட்டும் கிடைத்தது.
கைப்பிடியில் பல் தடம்.

மைமு இரவு இரண்டேகாலுக்கு அனுப்பினாள்:
அது என் வாசலில் நிற்கிறது கதவைச் சுரண்டுகிறது யாராவது வாங்க
ஹெல்டுர் தூங்குவதே இல்லை போலும்.
"நிறுத்தற்குறிகள் எங்கே? விதி பதினொன்று.
தவிர, வாசலில் நிற்பவை பற்றிச்
சென்ற செவ்வாயே பேசி முடித்தாயிற்று.
புதிதாகத் தொடங்குமுன்
பழையதைத் தேடிப் பார்ப்பது நாகரிகம்."
மைமு தேடிப் பார்த்திருக்க வேண்டும்.
அவளுடைய கடைசிச் செய்தியில் இருந்தது
ஒரே ஒரு முற்றுப்புள்ளி.
ஹெல்டுர் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தினார்.

நாங்கள் என்ன செய்தோம் என்றா கேட்கிறீர்கள்?
காளான் படம் போட்டோம்.
நூற்று நாற்பது பேர் தொண்ணூறானோம்,
தொண்ணூறு முப்பத்தொன்றானது.
"செயலற்றவர்களைக் களையெடுத்துவிட்டேன்,
குழு இப்போது எவ்வளவு சுத்தம்!"
என்று ஞாயிறுதோறும் அவர் எழுத,
கைதட்டும் பொம்மைகளை அனுப்பினோம்.
லெம்பித் மட்டும்
கோடரி எடுத்துக்கொண்டு போவோம் என்றான்.
வன்முறையைத் தூண்டியதாக ஒரு வாரத் தடை.
தடை முடிய இரண்டு நாள் இருக்கும்போது
அவன் வீட்டுப் புகைபோக்கியில் புகை நின்றது.

அக்டோபரில் அதுவே விண்ணப்பித்தது.
பெயர்: சதுப்பு. முகப்புப் படம்: இருட்டு.
விதிகளைப் படித்தீர்களா?
"இரண்டு முறை."
எங்களைப் பற்றி எப்படித் தெரியும்?
"ஊர்வேயின் கைபேசி என்னிடம் இருக்கிறது.
வயிற்றுக்குள் அடிக்கடி ஒலிக்கிறது."
முழு வாக்கியங்கள். ஒரு பிழை இல்லை.
முதல் பதிவிலேயே காளானின் இலத்தீன் பெயர்,
பறித்த நேரம், தண்டின் குறுக்குவெட்டு,
அளவு தெரியப் பக்கத்தில் ஒரு கடைவாய்ப் பல்.
ஹெல்டுர் நெகிழ்ந்துபோனார்.
"பதிவு என்றால் இது. கற்றுக்கொள்ளுங்கள், மற்றவர்களே."

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால்
எங்கள் ஊரில் பூர்ச்ச மரம்தான் ஏற வேண்டும்.
ஏறினோம்.
நவம்பரில் அதைத் துணை அட்மின் ஆக்கியபோது
வழக்கம்போல் பொம்மைகள் கைதட்டின.

பன்னிரண்டாம் தேதி இரவு
ஹெல்டுரிடமிருந்து ஒரு செய்தி:
நண்பர்களே, என் சமையலறையில்
அவ்வளவுதான் படிக்க முடிந்தது.
"காளான் பற்றியது அல்ல" என்று குறிப்பிட்டு
நீக்கியிருந்தது சதுப்பு.
நிறுத்தற்குறி உட்பட எல்லாம் சரியாக இருந்தது.

இப்போது நாங்கள் ஐந்து பேர்.
பனி விழுந்துவிட்டது, காட்டில் காளான் கிடையாது.
புது அட்மின் பிறந்தநாளுக்கு வாழ்த்துகிறது,
வீட்டு முகவரியை அக்கறையாக விசாரிக்கிறது.
நேற்று விதி மூன்றைத் தளர்த்தி அறிவித்தது:
இனி உடல் உறுப்புகளும் போடலாம்.

நியாயத்தைச் சொல்ல வேண்டும்.
ஹெல்டுர் காலத்தில்
இந்தச் சுதந்திரம் இருந்ததில்லை.