தலையாட்டி

களுவாஞ்சிக்குடிச் சந்தையில்
கிதுசனின் சட்டைக் கழுத்தைப் பிடித்து
'போன் கள்ளன்' என்று எடுத்த வீடியோ
எனக்கு வந்தபோது
ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தேன்.
எண்ணெய் விரலைத் துடைக்கவும் இல்லை.
அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் போன் கிடைத்தது,
முதலாளியின் வெங்காயச் சாக்குக்குள்.
வீடியோவை எடுத்தவன் அழித்தான்.
அழித்த செய்தியை ஒருவரும் அனுப்பவில்லை,
நானும்தான்.

நேற்று அவன் தாய் தங்கேஸ்வரி
போட்டோக்கொப்பி எடுக்க என் கடைக்கு வந்தா.
இருபத்திமூன்று தாள்.
ஓர் ஆணைக்குழுவின் இலக்கம்,
மறுகா இன்னோர் ஆணைக்குழு,
பொலிஸ் முறைப்பாட்டின் மங்கிய நீல மை,
பள்ளிக்கூடப் படத்தில் வெட்டிய அண்ணனின் முகம்.

"தொண்ணூறில, தம்பி.
சாக்குப் போட்ட தலை, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை.
வரிசையா எல்லாரையும் நடத்தினாங்க.
அண்ணனுக்கு நேரே வரக்குள்ள
அது ஆடிச்சு.
அவ்வளவுதான்.
ஆணைக்குழுவில என்ன வேணுமெண்டு கேட்டாங்க.
அந்தச் சாக்குக்காரன் வேணும் எண்டன்.
எழுதல்ல.
அடிக்கிறத்துக்கில்ல.
ஆளைத் தெரிஞ்சுதான் ஆட்டினியா எண்டு
ஒருக்காக் கேக்கோணும்."

மெசின் வெளிச்சம்
அண்ணனின் முகத்துக்குக் கீழே போய் வந்தது.

"மகன் வெளிய வாறானா?" என்றேன்.
"சந்தைக்குப் போறல்ல.
தாடி வளக்கிறான்."

காசு வேண்டாம் என்றேன்.
"ஏன்?" என்று கேட்டா.
நேரே பார்த்துக் கேட்டா.
வாய் வரைக்கும் வந்தது.

இருநூற்று முப்பது ரூபாயை
எண்ணி வைத்துவிட்டுப் போனா.
அவ படி இறங்கும்வரை
என் பெருவிரல்
மேசைக்கு அடியில் இருந்தது.