நடுவில் மைக் போன நேரம்

அப்பள வியாபாரிகள் சங்கத்து ஆண்டு விழா,
செல்லூர்க் கல்யாண மண்டபம்.
நாலு ஸ்பீக்கர், ரெண்டு மானிட்டர்,
நெல்பேட்டை ஜெய்லானி சவுண்ட் சர்வீஸ்.
நான்தான் ஜெய்லானி.

வயலின் கோமளேஸ்வரி.
சகானா என்றார் பக்கத்தில் ஒருவர்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் முள்:
ஏறும், இறங்கும்,
சிவப்பைத் தொட்டால் குறைக்க வேண்டும்.

மேலே மேலே போனவர்
ஓரிடத்தில் வில்லைத் தூக்கினார்.
தூக்கிய வில் இறங்கவில்லை.
மிருதங்கத்துக்கு ஒரு விரற்கடை மேலே
உடையப்பனின் கை அப்படியே நின்றது.
முள் படுத்துக்கொண்டது.

ஒரு நொடி. இரண்டு.
இருநூறு தலைகளும் திரும்பின
என்னைப் பார்த்து.

இருபத்தாறு வருஷத் தொழிலில்
சத்தம் வராத இடத்திலெல்லாம்
களவாணி நான்தான்.
கை தன்னால் போய் ஒயரை ஆட்டியது.
தலைவர் ஐராவதம் எழுந்தே விட்டார்.
முன்வரிசைக்காரர் ஒருவர்
முடிந்ததென்று கைதட்டி,
மூன்றாவது தட்டில் தனியாகிப்போய்
ஒட்டிய உள்ளங்கைகளைப் பிரிக்கத் தெரியாமல்
மேடையைக் கும்பிட்டபடி இருந்தார்.
அதுவரை தூங்கிய கிழவர் விழித்துக்கொண்டு
'என்ன? என்ன?' என்றார்.

ஹெட்போனை இறுக்கினேன்.
உள்ளே காலியில்லை.
உடையப்பன் மூச்சு விடுவது,
மண்டபத்து விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை முனகுவது,
மூடாத கதவுக்கு அப்பால் பந்திக்கட்டில்
எண்ணெயில் விழுந்த அப்பளம்
விளிம்பிலிருந்து நடுவுக்குப் பொரிந்து வருவது.
எல்லாவற்றுக்கும் அடியில்
வயலின் மரத்துக்குள் அந்தக் கடைசி ஸ்வரம்,
சிமெண்டுத் தரையில் உருண்டுபோகும் கோலிக்குண்டாக,
நிற்கும் நிற்கும் என்று பார்த்தால்
நிற்காமல்.

ஒரு நூல் அளவு கூட்டி வைத்தேன்.

திரும்பிய தலைகள்
ஒவ்வொன்றாக மேடைக்குப் போயின.
எல்லாத் தலையும் இல்லை.
ஐராவதம் நின்றுகொண்டேதான் இருந்தார்.
இருமல் வந்த ஓர் அம்மா
முந்தானையை வாயில் வைத்து
அதை விழுங்கியதைப் பார்த்தேன்.
வில் இறங்கியபோது
யாரும் கைதட்டவில்லை.

ஒயர் சுருட்டும்போது
கோமளேஸ்வரி என் மேஜையோரம் நின்றார்,
வயலின் பெட்டி தோளில்.
'நடுவுல கொஞ்சம் கூட்டுனீங்கள்ல?'
'ஆமாம்மா.'
'ம்' என்று செருப்பைத் தேடிப் போனார்.

கணக்கு முடிக்கையில் ஐராவதம்
முந்நூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டார்.
'நடுவுல மைக் போயிருச்சுல்ல பாய்.'

பன்னிரண்டு நொடி.
நொடிக்கு இருபத்தைந்து ரூபாய்.
வாசித்த நேரத்துக்குக்கூட
எனக்கு அந்த ரேட் கிடையாது.