வெறும் தரை

ஆறாயிரத்து நானூறு துளைகள்.
போட்டவனும் நான்தான், எண்ணியவனும் நான்தான்.
ரோஸ்டாக்கில் கப்பல் பட்டறையை மூடிய பிறகு
ஒலி ஆய்வுக்கூடத்தில் கிடைத்த வேலை:
எஃகுத் தகட்டில் துளை, பக்கத்தில் இன்னொரு துளை,
மயிரிழை பிசகினாலும் தகடு குப்பைக்கு.

எதற்கென்று மூன்று மாதம் நான் கேட்கவில்லை.
நான்காம் மாதம் யோரிண்ட தானாகவே சொன்னாள்,
சிந்திய காபியில் கரண்டிக் காம்பால் கோடிழுத்து:

தண்ணீருக்குள் அனுப்பிய ஒலி
தரையைத் தொட்டுத் திரும்பி வரும்.
தரையில் ஏதாவது கிடந்தால்
அதன் தலையில் பட்டுச் சற்று முந்தி வரும்.
முந்துவதுதான் காட்டிக்கொடுக்கிறது.
உங்கள் துளைகள் ஒலியின் காலைப் பிடித்துக்கொள்ளும்.
தரைவரை போய்வர எவ்வளவு ஆகுமோ
அவ்வளவு நேரம் உள்ளே வைத்திருந்து
வெளியே விடும்.

அப்படியானால் போர்வை எது, எஃகா? என்றேன்.
தாமதம், என்றாள்.

சிரிப்பு வந்தது.
முப்பத்தொரு வருடம் பட்டறையில்
அதற்குத்தான் என் கூலியில் பிடித்தார்கள்.

பிப்ரவரியில் தகடுகளை அடுக்கிக் கூம்பாக்கினோம்.
அடியில் ஓர் இரும்புக் குண்டு. தொட்டியில் இறக்கினோம்.
டிக்.
திரையில் ஒரு கோடு.
டிக்.
அதே கோடு. வெறும் தரை.
குண்டை என் கையால்தான் வைத்தேன்,
இருந்தும் விளிம்பில் ஏறி எட்டிப் பார்த்தேன்.
பச்சைத் தண்ணீரில் கூம்பு
கண்ணுக்குப் பட்டவர்த்தனமாக நின்றது.

கீலிலிருந்து இருவர் வந்தார்கள், ஒரே துணியில் கோட்டு.
எவ்வளவு பெரிதாகச் செய்யலாம்?
ஒரே சுருதிக்குத்தான், மேலிருந்து வந்தால்தான்,
சுருதி மாறினால் குட்டு உடைந்துவிடும்,
பெரிதாக வேண்டுமானால் செய்யலாம், என்றாள்.
கடைசிச் சொல்லை மட்டும் எழுதிக்கொண்டார்கள்.

அந்த வாரமே ஹின்னெர்க் வந்தான்.
ரப்பர் பூட்ஸோடு வாசலிலேயே நின்றான்.
மீன்பெட்டியில் பனிக்கட்டி, பனிக்கட்டியில் ஒரு கடற்பன்றி,
ஓங்கிலுக்குத் தங்கைபோல் சின்ன உடம்பு.
மூக்கைச் சுற்றி வலையின் கட்டம் பதிந்திருந்தது.

சத்தம் கொடுத்துத்தான் இது வழி பார்க்கும்.
என் நைலான் இதற்குக் கேட்பதே இல்லை.
நீங்கள் மறைக்கிறவர்கள்தானே,
மறைந்திருப்பதைக் காட்டவும் தெரியுமா?

யோரிண்ட வாய் திறக்கவில்லை.
பெட்டியருகே குந்தி
அதன் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
இரவு விளக்கு எரிந்தது.
காலையில் சொன்னாள்: அதே கணக்கு,
பின்வாசல் வழியாக.

இந்த முறை துளை இல்லை, உருண்டை.
பளிங்குபோலத் தெளிந்த பிளாஸ்டிக்,
கொண்டைக்கடலை அளவு.
கடற்பன்றியின் செவிக்கு ஒவ்வொன்றும் பந்தளவாம்.
வேலை முடிந்த பின், யார் கணக்கிலும் வராத நேரத்தில்,
ஈஸ்டர் வரைக்கும் கோத்தோம்,
முழத்துக்கு ஒன்று.
ஹின்னெர்க் கொண்டுவந்த கருவாட்டு ரொட்டி நாற்றம்
ஆய்வுக்கூடத் திரைச்சீலையில் இன்னும் இருக்கிறது.

கூம்பு இப்போது கீலில். அல்லது வேறெங்கோ.
கேட்டால் சொல்ல மாட்டார்கள்.
அதன் அடியில் இப்போது என்ன வைத்திருக்கிறார்கள் என்று
சில இரவு படுக்கையில் நினைத்துப் பார்க்கிறேன்.

என் இடக்காதை எப்போதோ
ஆணியடிக்கும் சம்மட்டி தின்றுவிட்டது.
அந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு
நானும் தரைதான்.
நேற்றுத் துறைமுகத்தில் தோள்மேல் ஏதோ தெறித்தது.
கீழே பார்த்தேன். உருண்டை.
திரும்பினால் ஹின்னெர்க், படகிலிருந்து,
எத்தனை முறை கத்தினானோ.

ஏழு வாரமாக ஒன்றும் சிக்கவில்லை, என்றான்.
கடற்பன்றியா, மீனா?
முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.
வலக்காதை அவன் பக்கம் திருப்பி
மறுபடி சொல்லச் சொன்னேன்.