இருபது கிலோவுக்குக் கீழே

வாளையாறுக்கு இப்பால் அரை மைலில்
என் எடைமேடை.
அறுபது டன் தாங்கும்.
இருபது கிலோவுக்குக் கீழே எதுவும் அதற்குத் தெரியாது.
ஒரு கைக்குழந்தை, ஒரு சாவு மாலை,
ஒரு கட்டுப் பணம் –
வைத்துப் பாருங்கள், சுழிதான்.

ஆடியில் மட்டும்
கணவாய்க் காற்று வந்து குந்தும்.
வண்டியே இல்லாமல் நாற்பது காட்டும்.
ராத்திரி வேலை, பதினோரு வருஷம்.
தூங்கிவிடாமல் இருக்க
வீணான சீட்டுகளின் பின்பக்கம் ஏதாவது எழுதுவேன்.

ஒற்றப்பாலம் ஹம்சா பழைய இரும்பு விற்க வருவான்.
நிறை வண்டிக்கு உள்ளேயே உட்கார்ந்திருப்பான்.
வெறும் வண்டிக்கு இறங்கி பீடி பற்றவைப்பான்.
எழுபது கிலோ ஹம்சாவை
மேடை எண்பதாகத் தாராளமாய்க் குறித்துக்கொள்ளும்.
‘தன்னை விற்பவனும்
கொஞ்சம் கூட்டித்தான் விற்கிறான்’
என்று எழுதினேன்.
பிறகு அடித்தேன்.
மூன்று பெண்கள் அவனுக்கு.
கிலோ இருபத்தாறு ரூபாய்.

ஐந்நூறு ரூபாய்த் தாள்
ஒரு கிராம்கூட நிறைவாக வராது.
ஆர்.சி. புத்தகத்துக்குள் மடித்து வைத்தால்
ஆறு டன் மணலைத் தூக்கிவிடும்.
இதை அடிக்கவில்லை.
அந்த மணலில் ஒரு லோடு
என் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது.

அப்போது சோதனைச் சாவடியில் பேபிச்சன் சார்.
விரலை அசைத்தால் கட்டை தூங்கும்,
விரலை அசைத்தால் கட்டை எழும்பும்.
நாற்பது லாரி அந்த விரலையே பார்த்து நிற்கும்.
வரி மாறிய வருஷம்
கட்டையைக் கழற்றிக் கொண்டுபோனார்கள்.
இப்போது மீன் வாங்க ஸ்கூட்டரில் வருகிறார்.
கட்டை இருந்த இடத்தில்
அவர் கால் தானாக பிரேக் பிடிக்கிறது.
பின்னால் வரும் லாரிக்காரன் காலும்.
ஆண்டவனுக்கும் அஞ்சினவனுக்கும்
ஒரே இடத்தில் தழும்பு.

போன மழையில், ரெண்டே கால் மணிக்கு
தண்டவாளத்தைத் தாண்டி வந்தாள்.
விளக்கு வெளிச்சத்தில் ஒரு நிமிஷம் யோசித்தாள்,
பிறகு மேடையில் ஏறினாள்.
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.
அடிவயிற்றோடு ஒட்டிக் குட்டியும் ஏறியது.
மூவாயிரத்து நூற்று நாற்பது.
வண்டி எண்? என்றது கணினி.
சரக்கு? என்றது.
எங்கிருந்து, எங்கே? என்றது.
எல்லாவற்றையும் காலியாக விட்டு
பொத்தானை அமுக்கினேன்.

தும்பிக்கையால் இரும்பை முகர்ந்தாள்.
இறங்கினாள்.
எந்த லாரி போனாலும்
இருபது கிலோ சேறாவது மேடையில் மிச்சமிருக்கும்.
அன்றைக்கு மட்டும்
சுத்தமான சுழி.

காலையில் முதலாளி வேலப்பன்
சீட்டு எண்களைச் சரிபார்த்தார்.
நாலாயிரத்துப் பதினேழுக்குக் காசு எங்கே?
யானை என்றேன்.
யானையானால் என்ன, எண்பது ரூபாய் என்றார்.
என் பையிலிருந்து எடுத்து வைத்தேன்.

சீட்டு என்னிடம்தான் இருக்கிறது.
பின்பக்கம்
ஒன்றும் எழுதவில்லை.