மெட்டி கறுத்த ஆடி

ஆம்பூர் பைபாஸுக்கு இந்தப் பக்கம்
தகரக் கூரை போட்ட கெமிக்கல் கிடங்கில்
நான் ஸ்டோர் கீப்பர்.
சீட்டு வந்தால் மூட்டை போகும்.
சீட்டில்லாமல் முதலாளியே வந்தாலும் போகாது.

காலை ஆறே முக்காலுக்கு முதல் சீட்டு:
சுண்ணாம்பு நாலு, சல்பைடு இரண்டு.
தோளில் ஏற்றிக்கொண்டே முனிரத்தினம் கேட்பார்,
"என்னம்மா, இன்னைக்கும் கல்யாணச் சமையலா?"
குழியில் ஆட்டுத்தோல் ஊறும்,
மயிர் கரைந்து கூழாகும்.
அதே சுண்ணாம்பை மதியம்
விரல் நுனியளவு வெற்றிலையில் தடவி
அவரே மென்றுகொண்டிருப்பார்.

உப்பு தூத்துக்குடியிலிருந்து லாரியில் வருகிறது.
வருகிற உப்பைப் பார்த்திருக்கிறேன்,
திரும்பிப் போகிற உப்பைப் பார்த்ததில்லை.
பாலாற்று மணலுக்குள் இறங்கி
எங்கள் தெரு போர்வெல்லில் ஏறி
காய்ந்த குடத்தின் கழுத்தில்
வெள்ளைக் கோடாய் உட்கார்ந்திருக்கிறது.
விருந்தாளிக்கு மூன்று நாள்.
இது ரேஷன் கார்டே வாங்கிவிட்டது.

பார்மிக் அமிலம், எறும்பின் கடி,
ஒரு கேனுக்கு முப்பத்தைந்து கிலோ.
எத்தனை எறும்பு என்று ஒருநாள்
லெட்ஜரின் ஓரத்தில் கணக்குப் போட்டேன்.
ஆடிட்டர் அதை அடித்துவிட்டார்.

குரோமியம் பச்சைப் பொடியாய் வரும்,
தோலில் ஏறினால் நீலம்,
நூறு தடவை வெளுத்த
பள்ளிச் சீருடையின் நீலம்.
மூன்று என்றால் தோலைக் காக்கும்,
ஆறு என்றால் ஆளை அரிக்கும்.
பெயர் என்னவோ ஒன்றுதான்.
ராணிப்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார் சொன்னாள்,
அவர்கள் பக்கம் மழை விட்டால்
தேங்கிய தண்ணீர் மஞ்சளாய் இருக்குமாம்.
மஞ்சள் நீராட்டா என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

அமிலம் கிழக்கு மூலை, சல்பைடு மேற்கு மூலை.
பேச்சு நின்ற சம்பந்திகள் மாதிரி
நடுவில் உப்பு மூட்டைச் சுவர்.
இரண்டும் ஒரு கால்வாயில் சந்தித்தால்
முதலில் அழுகிய முட்டை நாறும்.
அப்புறம் நாறாது.
மூன்று வருடம் முன்னால் பக்கத்து ஷெட்டில் இரண்டு பேர்
நாறவில்லையே என்று
மேன்ஹோலுக்குள் இறங்கினார்கள்.
மறுநாள் கதவில் சாக்பீஸால் எழுதினேன்:
நாற்றம் நின்றால் ஓடு.
போனது காற்றல்ல, உன் மூக்கு.
அழிய அழிய எழுதுகிறேன்.

போன ஆடியில் என் மெட்டி கறுத்தது.
"உடம்புச் சூடு, மோர் குடி" என்றாள் எதிர்வீட்டு ஷமீம்.
கண்ணேறு என்றார் மாமியார்,
மிளகாய் சுற்றிப் போட்டார்.
அடகுக்கடைக்காரர் உரசிப் பார்த்துக்
கலப்படம் என்று விலையைப் பாதியாக்கினார்.
கந்தகம் என்று நான் சொல்லவில்லை.
பி.எஸ்.சி. படித்ததை ஞாபகப்படுத்தினால்
அவர் வட்டியைக் குறைக்கவா போகிறார்?

ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பொட்டலம் வந்தது.
எலும்பைத் தெருநாய்க்குப் போட்டுவிட்டு
அலுமினியத் தாளை மட்டும் கழுவி
கிண்ணத்தின் அடியில் விரித்தேன்.
மேலே மெட்டி. ஆப்பசோடா ஒரு ஸ்பூன்.
கொதிக்கும் தண்ணீர், கேன் தண்ணீர்தான்,
லிட்டர் கணக்கில் காசு கொடுத்தது.
தேய்க்கவில்லை. உட்கார்ந்து பார்த்தேன்.
வெள்ளியைப் பிடித்திருந்தது கையை விட்டது.
தாள் மங்கியது, மெட்டி வெளுத்தது,
புதுசு மாதிரி இல்லை,
கல்யாணம் முடிந்த மறுவாரம் மாதிரி.

அப்போது கிண்ணத்திலிருந்து எழுந்தது,
சின்னதாக, எங்கள் குழியின் மூச்சு.
என் கால்விரலில் ஏறி
பஸ்ஸில் டிக்கெட் வாங்காமல்
வீடு வரை வந்திருக்கிறது இத்தனை மாதம்.

"முட்டை கெட்டுப்போச்சா?"
கூடத்திலிருந்து மாமியார்.
ஆமாம் என்றேன்.
ஜன்னலைத் திறந்துவிட்டு
இன்னொரு தடவை மோந்து பார்த்தேன்.
நாறியது. நல்லது.

திங்கள், ஆறே முக்கால்.
சுண்ணாம்பு நாலு, சல்பைடு இரண்டு.
மெட்டியைப் போட்டுக்கொண்டுதான் போனேன்.