ஒற்றை முள்

வள்ளியூர்க் கடையில் தவணைக்கு எடுத்த ஹெட்போன்.
விமான இருக்கையில் ரெண்டு ஓட்டை,
என் வயருக்கு ஒற்றை முள்.
எதிலும் செருகாமல் சும்மா மாட்டிக்கொண்டேன்.

எஞ்சின் இரைச்சல் அணைந்தது,
வேலை போன கணக்கும் கொஞ்சம்.
பின்வரிசைக் குழந்தையின் அழுகை மட்டும்
கழுவி வைத்த தம்ளர்போலத் துலக்கமாய்
டொராண்டோவிலிருந்து தோகா வரை.

பணகுடியில் ஆடிக்காற்று.
பகல் பதினொன்றுக்குத் தூக்கம் சொக்குகிறது,
உடம்புக்கு இன்னும் அந்த ஊர் மணி.
மறுபடி மாட்டினேன்.
ஜன்னலில் காற்றாலை சுற்றுகிறது, சத்தமில்லை.
முருங்கை முறிகிற மாதிரி ஆடுகிறது,
சத்தமில்லை.
மலையே வாய்பொத்தி நிற்கிறது.

வாசலில் மட்டும்,
"ஜெபகரன், உள்ளதான வே இருக்கீரு?
மூணாந் தவணை!"

கழுத்துக்கு இறக்கிக்கொண்டு கதவைத் திறந்தேன்.
அவர் பார்த்தது
என் முகத்தை அல்ல.